குங்கிலியமும் பரலொயிட்டும்: ஓவியங்களின் மேற்பூச்சு பற்றி

குங்கிலியம் என்ற சொல்லைக் கேட்டதும் யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டில் வளர்ந்த எவருக்கும் தூபக்காலும் அந்திப் பூசையும் நினைவுக்கு வரும். சமயபாடம் ஒழுங்காகப் படித்தவர்களுக்குக் குங்கிலியக்கலய நாயனாரும் நினைவுக்கு வருவார். திருக்கடவூரில் இறைவனுக்குக் குங்கிலியத் தூபமிடுவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர். வீட்டில் உணவுக்கு வழியில்லாத நாளில், நெல் வாங்கி வரும்படி மனைவி கழற்றிக் கொடுத்த தாலியையும் குங்கிலியமாக மாற்றிக் கோயிலுக்குக் கொடுத்தவர் என்று பெரியபுராணம் கூறுகிறது. இந்தக் குங்கிலியத்தின் நெருங்கிய உறவுப் பொருள் ஒன்று 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஓவியக் கூடங்களுக்குள் நுழைந்து, அங்கிருந்த பெரும் ஓவியங்களின் மேல் கண்ணாடித் தோல் போலப் படிந்தது என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி.

ஆங்கிலேயர் இதனை 'டமார்' என்பர். சொல் மலாய் மொழியிலிருந்து போனது. மலாயா, சுமாத்திரா, போர்னியோக் காடுகளில் வளரும் மரங்களிலிருந்து வடியும் பிசின் அது. நமது நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் குங்கிலியமும், தென்னிலங்கைக் காடுகளின் ஹல் மரத்துப் பிசினும் அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இந்துமாக்கடற் கரையெங்கும் படகுப் பலகைகளின் இடுக்குகளை அடைப்பதற்கு இத்தகைய பிசினை எண்ணெயோடு கலந்து பயன்படுத்தினார்கள். 1829 இல் ஜேர்மனியரான லூக்கானுஸ் என்பவர், இதனை டர்பன்டைன் எண்ணெயிற் கரைத்து ஓவியங்களுக்கு மேற்பூச்சாகப் பூசலாம் என்று எழுதினார். அதற்கு முன்னர் கிரேக்கத் தீவான கியோசிலிருந்து வரும் மஸ்திக் பிசினே அங்கு பெருவழக்கு. டமார் அதனிலும் குறைவாக மஞ்சளாகிறது என்று கண்டதும் ஓவியர்கள் அதன் பக்கம் சாய்ந்தார்கள்.

மேற்பூச்சு எதற்கு? தூசியும் புகையும் வர்ணத்தில் நேரே படியாமற் காப்பது ஒரு காரணம். மற்றக் காரணம் கண்ணுக்குரியது. கீரிமலைக் கரையில் நின்று ஈரமான கூழாங்கல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். கருமையும் சிவப்பும் பளிச்சென்று தெரியும். வீட்டுக்குக் கொண்டு வந்து காய்ந்த பிறகு பார்த்தால் அதே கல் சாம்பல் பூத்துக் கிடக்கும். கல்லின் சொரசொரப்பான மேற்பரப்பு ஒளியை நாற்புறமும் சிதறடிப்பதுதான் காரணம். நீர் அந்தப் பள்ளங்களை நிரப்பும்போது சிதறல் குறைந்து, உள்ளே இருக்கும் நிறம் வெளிவருகிறது. காய்ந்து மங்கிய எண்ணெய் வர்ணத்துக்கும் இதே கதைதான். பிசின் கரைசல் அந்தப் பள்ளங்களை நிரப்பியதும், பத்து ஆண்டுகளுக்கு முன் தீட்டிய நீலம் நேற்றுத் தீட்டியதுபோல் ஆகிவிடும். இந்த மாயம்தான் மேற்பூச்சின் கவர்ச்சி; அதன் ஆபத்தும் இதற்குள்தான் இருக்கிறது.

இயற்கைப் பிசின்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை, அவை ஒளியிலும் காற்றிலும் மூப்படைந்து முதலில் மஞ்சளாகவும் பிறகு தேயிலைச் சாயமாகவும் மாறுவது. ரெம்பிராண்ட் 1642 இல் தீட்டிய பேரோவியத்துக்கு 'இரவுக் காவல்' என்ற பெயர் வந்ததே இதனால்தான். அது இரவுக் காட்சி அன்று. பகல் வெளிச்சத்தில் அணிவகுக்கும் ஒரு நகரக் காவற் படையின் படம். அடுக்கடுக்காகப் பூசிய வார்னிஷும் அழுக்கும் சேர்ந்து அதனை இரவாக்கிவிட்டன. 1946, 1947 ஆம் ஆண்டுகளில் அதனைச் சுத்தம் செய்தபோது பகல் மீண்டும் தெரிந்தது. பெயர் மட்டும் போகவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருண்டுபோன அந்தப் பூச்சைக் கழற்ற முடிந்தது. மஸ்திக்கும் டமாரும் எவ்வளவுதான் பழுப்பேறினாலும் மதுசாரம் போன்ற கரைப்பான்களில் ஓரளவு கரையும். நன்கு முற்றிய எண்ணெய் வர்ணம் அவற்றில் எளிதிற் கரையாது. இந்த வேற்றுமைதான் ஓவியப் பாதுகாப்புத் தொழிலின் அத்திவாரம். மேற்பூச்சு ஓவியத்தின் உடல் அன்று, சட்டை. அழுக்கானாற் கழற்றி மாற்றலாம் என்ற நம்பிக்கையில்தான் அதனை அணிவிக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இவ்வகைப் பூச்சுகள் இருந்தன. கண்டிய ஓவியர்கள் தொரண மரத்திலிருந்து எடுத்த எண்ணெயை விகாரைச் சித்திரங்களுக்கும் ஏட்டுச்சுவடிகளின் மரச்சட்டங்களுக்கும் மெருகாகப் பூசினார்கள். அவர்களுடைய கைவேலை முறைகளை 1908 இல் ஒரு பெருநூலாகப் பதிவு செய்த ஆனந்த குமாரசுவாமி, யாழ்ப்பாண வேர் கொண்ட தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அவர் செய்த வேலையை வடக்கில் செய்ய நமக்கு ஆள் வாய்க்கவில்லை என்பதையும் கூடவே சொல்லவேண்டும். மற்றது அரக்கு. பாண்டவரை எரிக்கத் துரியோதனன் கட்டுவித்த மாளிகை முதல், நமது தச்சர்கள் அலுமாரிக்கும் சாய்மனைக் கதிரைக்கும் பூசும் பொலிஷ் வரை அதன் புழக்கம் நீள்கிறது. மதுசாரத்திற் கரைத்த அரக்குத்தான் அந்தப் பொலிஷ். ஓவியத்தின் மேல் அது என்ன செய்யும் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இனிச் செயற்கைப் பிசின்களுக்கு வருவோம். முழுக்க முழுக்க இரசாயனக் கூடத்தில் பிறந்த முதற் பிசின் பேக்லைட். பெல்ஜியத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லியோ பேக்லண்ட் 1907 இல் அதனைக் கண்டுபிடித்தார். பழைய கறுப்புத் தொலைபேசிகளும் மின்சார ஆளிகளும் அதனாற் செய்யப்பட்டவை. இந்தப் பொருள் ஓவிய உலகத்தில் முதன்முதலாகப் பெரும் புகழ் பெற்றது ஒரு மோசடிக்காரனின் கையில்.

அந்தக் கதைக்கு யாழ்ப்பாணத்து வாசல் ஒன்று உண்டு. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபோது அவர்களோடு வந்த மதகுரு பிலிப்பஸ் பால்டேயுஸ். 1672 இல் வெளிவந்த அவருடைய நூலில் உள்ள யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களின் படங்களை நம் வரலாற்றாசிரியர்கள் இன்றும் எடுத்தாளுகிறார்கள். அவர் ஒல்லாந்திலுள்ள டெல்ஃப்ட் நகரத்தவர். நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயரும் அந்த நகரின் பெயரே. 1632 ஒக்ரோபர் மாதத்தில் டெல்ஃப்ட் நகரில் அவருக்கு ஞானஸ்நானம் வழங்கப்பட்டது. அதே மாதத்தில் அதே நகரில் ஞானஸ்நானம் பெற்ற இன்னொரு குழந்தைதான் ஓவியர் வெர்மீர். ஒருவர் வலிகாமத்துத் தேவாலயங்களிற் பிரசங்கம் செய்துகொண்டிருந்த ஆண்டுகளில், மற்றவர் யன்னலோரத்தில் நிற்கும் பெண்களைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

வெர்மீர் தீட்டியவற்றில் இன்று எஞ்சியிருப்பவை நாற்பதுக்கும் குறைவு. ஆகவே புதிதாக ஒன்று கிடைத்தால் உலகமே ஓடிவரும். 1937 இல் அப்படி ஒன்று 'கிடைத்தது'. எம்மாவுசில் கிறிஸ்து உணவருந்தும் காட்சி. அக்காலத்தில் ஒல்லாந்து ஓவியங்களில் முதன்மையான நிபுணராக மதிக்கப்பட்ட ஆபிரகாம் பிரேடியுஸ் அதனை வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்றே அறிவித்தார். றொட்டர்டாம் நகரத்து நூதனசாலை பெரும் விலைக்கு வாங்கியது. உண்மையில் அதனைத் தீட்டியவர் ஹான் வான் மேகெரென் என்ற சமகால ஓவியர்.

அவர் தாண்டவேண்டியிருந்த தடை ஒன்றுதான். புதிய எண்ணெய் வர்ணத்தின் மேல் மதுசாரம் தோய்த்த பஞ்சை வைத்தால் வர்ணம் கரையும். முந்நூறு வருடம் பழையதாயிற் கரையாது. எண்ணெய் முற்றாக இறுக நீண்ட காலம் வேண்டும். வான் மேகெரென் எண்ணெய்க்குப் பதிலாகப் பேக்லைட் இனப் பிசினில் வர்ணத்தைக் குழைத்துத் தீட்டிப் படத்தை அடுப்பிற் சுட்டார். சூட்டில் பிசின் கல்லாக இறுகியது. மதுசாரப் பரிசோதனையில் படம் தேறியது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர், இன்னொரு 'வெர்மீர்' நாஜித் தலைவர் கோரிங்கின் சேகரிப்பில் அகப்பட, நாட்டின் கலைச்செல்வத்தை எதிரிக்கு விற்றவர் என்று வான் மேகெரென் கைதானார். தேசத்துரோகத்திலிருந்து தப்ப அவருக்கிருந்த ஒரே வழி மோசடியை ஒப்புக்கொள்வது. நம்பாதவர்களுக்காகச் சாட்சிகளின் முன்னிலையில் இன்னொரு படத்தைத் தீட்டியும் காட்டினார். பெல்ஜிய விஞ்ஞானி போல் கோரேமன்ஸின் ஆய்வு அந்தச் செயற்கைப் பிசினை வர்ணத்துக்குள் கண்டுபிடித்தது. 1947 இல் ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அதனை அனுபவிக்கு முன்னரே அவர் இறந்துபோனார்.

சுவையான கதை என்பதற்காக மட்டும் இதனைச் சொல்லவில்லை. எதிலும் கரையாமை என்பதுதான் மோசடிக்காரன் அந்தப் பிசினிற் கண்ட பெருங்குணம். பாதுகாவலனுக்கு அதுவே மகா பாவம்.

மோசடி ஒருபுறம் நடக்க, நேர்மையான பரிசோதனைகளும் நடந்துகொண்டிருந்தன. அமெரிக்காவில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் ஃபொக் நூதனசாலையில் ஜோர்ஜ் ஸ்டவுட்டும் றதர்ஃபோர்ட் கெட்டன்ஸும் 1930களில் பொலிவைனைல் அசற்றேற் என்ற பிசினை ஓவியங்களில் முயன்று பார்த்தார்கள். இன்று மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையின் மூலப்பொருள் அதுதான். நீர்போல் நிறமற்றது, மஞ்சளாவதில்லை. அதே பத்தாண்டில் ஜேர்மனியின் றோம் நிறுவனம் பிளெக்ஸிகிளாஸ் என்ற அக்ரிலிக் கண்ணாடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. யுத்த விமானங்களின் விமானி அறைக் கூரைகள் அதனாற் செய்யப்பட்டன. யுத்தம் முடிந்ததும் அக்ரிலிக் இனப் பிசின்கள் ஓவியக் கூடங்களுக்குள் புகுந்தன. இனி ஒருபோதும் மஞ்சளாகாத மேற்பூச்சு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள்.

அந்த மகிழ்ச்சியைக் கெடுத்தவர் றொபேட் ஃபெல்லர். பிற்ஸ்பேர்க் நகரின் மெலன் ஆய்வு நிலையத்தில் 1950 முதல் ஓவியப் பொருள்களை ஆராய்ந்த இரசாயனவியலாளர். புதிய பிசின்களை நீண்ட நேரம் கடும் ஒளியில் வைத்து, செயற்கையாக மூப்படையச் செய்து பார்த்தார். அக்ரிலிக் பிசின்களிற் சில, குறிப்பாக பியூட்டைல் மெதாக்ரிலேற் இனத்தவை, நிறம் மாறவில்லை. ஆனால் அவற்றின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, எந்தக் கரைப்பானுக்கும் அசையாத வலையாகிவிட்டன. கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. பூச்சு வெளுப்பாகவே இருக்கும். கழற்ற முனையும் அன்றுதான் உண்மை தெரியும். பழைய டமார் தான் கெட்டுப்போனதை நிறத்தாற் காட்டிக்கொடுத்தது. இவை மௌனமாகக் கெட்டன.

ஃபெல்லரின் பரிசோதனையில் தேறியது றோம் அன்ட் ஹாஸ் நிறுவனத்தின் பரலொயிட் பி-72. அமெரிக்காவில் நீண்ட காலம் அக்ரிலொயிட் என்ற பெயரில் விற்கப்பட்டது. கைத்தொழிற் பூச்சுகளுக்காக உருவான சரக்கு. ஓவியத்தை மனத்திற்கொண்டு யாரும் அதனைச் செய்யவில்லை. ஆயினும் மஞ்சளாகாமலும், பல்லாண்டு சென்ற பின்னும் அசற்றோனிலோ தொலுயீனிலோ கரையக்கூடியதாகவும் அது நின்றது. உடைந்த மட்பாண்டம் ஒட்டுவது முதல் உதிரும் சுவரோவியத்தை இறுக்குவது வரை, உலகெங்கும் பாதுகாவலர்களின் மேசையில் இன்று இருப்பது அதுதான். ஒரு குறையும் உண்டு. பெரிய மூலக்கூறுகள் கொண்ட பிசின் வர்ணத்தின் நுண்ணிய பள்ளங்களுக்குள் டமார்போல் இறங்காது. ஆகவே அந்த 'ஈரக்கல்' ஆழம் முழுதாக வராது. இதற்காகவே 1990களில் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தின் றெனே டி லா றீ, றெகல்றெஸ் என்ற சிறு மூலக்கூற்றுப் பிசினை, ஒளியின் தாக்கத்தைத் தணிக்கும் சேர்க்கை ஒன்றோடு கலந்து பயன்படுத்தும் முறையை வகுத்தார். குங்கிலியத்தின் அழகும் வேண்டும், அதன் மூப்பு வேண்டாம் என்ற நூற்றாண்டுத் தேடலின் பலன் அது.

இவையெல்லாம் குளிரூட்டிய மண்டபங்களின் கதை. நமது வெப்பத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நன்கு பதிவான உதாரணம் அஜந்தா. 1844 முதல் அங்கிருந்து படியெடுத்த றொபேட் கில்லும், 1872 முதல் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களோடு போன ஜோன் கிரிஃபித்சும், கோடுகள் துலங்கத் தெரியவேண்டும் என்பதற்காகச் சுவரோவியங்களின் மேலேயே வார்னிஷ் பூசினார்கள். கூழாங்கல்லை நனைத்துப் பார்க்கும் அதே ஆசை! பிறகு நிஜாம் அரசு 1920 இல் இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்ற இரு நிபுணர்களை வரவழைத்தது. உதிர்ந்துகொண்டிருந்த காரையை அவர்கள் திறமையாக ஒட்டி நிறுத்தினார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வர்ணத்தைப் பிடித்து நிறுத்த அவர்கள் கையாண்ட அரக்குக் கரைசல், சில பத்தாண்டுகளில் மஞ்சளேறிச் சிவந்து இருண்டது. 1950களில் இந்தியத் தொல்லியல் துறை பொறுப்பேற்றபோது அந்த அரக்கைக் கழற்றுவதே பெரும் வேலையாயிற்று. கழற்றிய இடங்களில், அன்று உலகமே மெச்சிய பொலிவைனைல் அசற்றேற்றைப் பூசினார்கள். அதுவும் காலப்போக்கில் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு மங்கியது. பிந்திய தலைமுறையினர் அரக்கு, அதன்மேல் அழுக்கு, அதன்மேல் செயற்கைப் பிசின் என்று படைபடையாக நீக்க நேர்ந்தது.

ஏன் தூசி பிடித்தது? ஒவ்வொரு செயற்கைப் பிசினுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே கண்ணாடிபோல் விறைப்பாக நிற்கும். அதைத் தாண்டினால் றபர்போல் இளகும். பொலிவைனைல் அசற்றேற்றுக்கு அது ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ். பொஸ்டனில் இருக்கும் நூதனசாலைக்கு இது ஒரு பொருட்டே அன்று. யாழ்ப்பாணத்திலோ சித்திரை, வைகாசி மாதங்களில் திண்ணையிலேயே 30 பாகையைத் தாண்டிவிடும். பிசின் மெல்ல இளகி ஒட்டும் தன்மை பெறும். சோளகக் காற்று அள்ளி வரும் செம்மண் தூசு அதில் அமரும். இரவில் இறுகும்போது தூசு உள்ளே சிறைப்படும். பரலொயிட்டுக்கு அந்த எல்லை 40 பாகை. சற்று ஆறுதல்தான். ஆனால் மேற்கு வெயில் நேரே விழும் சுவரும் தகரக் கூரைக்கு அடியிலுள்ள சுவரும் 40 பாகையையும் எட்டும்.

சுவரோவியத்துக்கு இன்னொரு பகையும் உண்டு. நமது குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மேல் இருக்கிறது; மூன்று பக்கமும் கடல், ஊடே கடல்நீரேரிகள். சுவர் நிலத்தடி ஈரத்தை உறிஞ்சும்போது உப்பையும் சேர்த்து உறிஞ்சுகிறது. சுண்ணாம்பு பூசிய பழைய சுவர் மூச்சுவிடும். ஈரம் வெளியேறி, உப்பு மேற்பரப்பில் பூக்கும், துடைக்கலாம். அதன்மேல் நீர்புகாப் பூச்சு ஒன்றைப் பூசினால் மூக்கைப் பொத்தியதுபோல ஆகிவிடும். உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே பளிங்காகி வளர்ந்து, வர்ணத்தையும் காரையையும் சேர்த்துச் செதில் செதிலாகத் தள்ளும். மாரி முடிந்து தை மாசியில் ஈரம் காயும்போது, எனாமல் பூசிய சுவர்களின் அடிப்பகுதியிற் கொப்புளங்கள் எழுவதைக் காணாதவர் யார்?

காப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. சோழர் காலச் சித்திரங்கள் நம்மிடம் இல்லை. 1621 இல் போர்த்துக்கேயர் நல்லூர்க் கோயிலை இடித்தபோதும், அதனையொட்டிய ஆண்டுகளிலும் சுவர்களோடு என்னென்ன போயின என்பதைக் கணக்கிட வழியில்லை. ஒல்லாந்தர் காலத்தின் பிற்பகுதியில் கோயில்கள் மீண்டும் எழத் தொடங்கிய பிறகு உருவான சித்திரங்களும், திரைச்சீலைகளும், வாகனங்களும்தான் எஞ்சியவை. 20ஆம் நூற்றாண்டில் இன்னொரு மரபு வந்து சேர்ந்தது. பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள் வளர்த்த எண்ணெய் வர்ண மரபு அது. சித்திர வித்தியாதிகாரியாக இருந்த எஸ். ஆர். கனகசபை, இலங்கையின் தலைமைச் சித்திரப் பரிசோதகராக விளங்கிய வின்சரின் பெயரால் 1938 இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தை அமைத்தார். பின்னர் அ. மாற்கு (1933-2000) ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு நவீன ஓவியத்தின் கதவைத் திறந்துவிட்டார். இவற்றோடு, பெயர் பதியாத உள்ளூர் ஓவியர்கள் புகைப்படத்தைப் பார்த்துப் பெரிதாக்கி எண்ணெய் வர்ணத்தில் எழுதிய முன்னோர் படங்கள் ஆயிரமாயிரம் வீடுகளின் விறாந்தையில் தொங்கின.

தொங்கின என்று இறந்தகாலத்தில் எழுதவேண்டியிருக்கிறது. 1981 இல் நூலகம் எரிந்ததை உலகம் அறியும். படங்கள் அப்படி ஓரிரவில் எரியவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் வெளியேறியபோது சுவரில் விடப்பட்டு, ஓடு கழன்ற கூரையின் கீழ் மாரி மாரியாக நனைந்து அழிந்தன. மாற்குவின் ஆக்கங்களிலும் பல இந்த இடப்பெயர்வுகளில் தொலைந்தன. இழந்த வீடுகளை அவரவர் நினைவிலிருந்து வரைந்து தரக் கேட்டு, ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட 'முடிவுறாத தோம்பு' என்ற பொருள்பட்ட பெயர்கொண்ட நூலைப் பார்த்தவர்களுக்கு இந்த இழப்பின் அளவு விளங்கும். எஞ்சியது சொற்பம் என்பதனாலேயே எஞ்சியவற்றின் மேல் யார் என்ன பூசுகிறார்கள் என்பது இன்று முக்கியமாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வலிகாமத்துக் கோயில் ஒன்றின் கும்பாபிஷேகத்துக்கு முந்திய வாரத்தில் உள்வீதிச் சுவரைப் பார்க்கப் போயிருந்தேன். பழைய திருவிளையாடற் காட்சிகளின் மேல் இரண்டு இளைஞர்கள் தளபாடங்களுக்குப் பூசும் பொலியூறித்தேன் வார்னிஷை அகலத் தூரிகையாற் பூசிக்கொண்டிருந்தார்கள். பழையதை அழிக்காமற் காப்பாற்றவேண்டும் என்று பரிபாலன சபை எடுத்த நல்ல முடிவின் பலன் அது! நிறங்கள் உண்மையிலேயே எழுந்து நின்றன. பார்த்த எல்லோரும் மகிழ்ந்தார்கள். அருகில் நின்ற வயோதிப ஓவியர் ஒருவர் மட்டும், "தம்பி, இனி இதைத் தொடேலாது" என்றார். அவர் ஃபெல்லரைப் படித்தவரல்லர். பொலியூறித்தேனும் எனாமலும் காயும்போதே வலைப்பின்னலாக இறுகுபவை. நாளை அதனைக் கழற்றும் கரைப்பான் அடியிலுள்ள வர்ணத்தையும் சேர்த்தே கொண்டுபோகும் என்பதைக் கையனுபவத்தில் அறிந்திருந்தார்.

கோயில் நூதனசாலை அன்று என்ற வாதம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது மரபு. மங்கிய சித்திரத்தின் மேல் புதிதாக எழுதுவது பாவமும் அன்று. இதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலையே சான்றாகக் காட்டலாம். இராசராசன் காலத்துச் சித்திரங்களின் மேல் நாயக்கர் காலத்தவர் தங்கள் சித்திரங்களை எழுதினார்கள். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி, மேற்படை உதிர்ந்த இடத்தில் சோழர் சித்திரத்தைக் கண்டார். சென்னை அரசினர் அருங்காட்சியகத்தின் இரசாயனவியலாளர் எஸ். பரமசிவன் அவற்றின் காரையையும் வர்ணத்தையும் பகுத்தாய்ந்தார். பின்னர் தொல்லியல் துறையினர் நாயக்கர் சித்திரங்களை ஏடு உரிப்பதுபோல் உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டித் தனியே காட்சிக்கு வைத்தார்கள். இரண்டும் தப்பின. எப்படி? நாயக்கர் ஓவியர் பழைய வர்ணத்தின் மேல் நேரே பூசவில்லை. புதிதாகச் சுண்ணக்காரை இட்டு அதன்மேல் எழுதினார்கள். அவர்கள் பாதுகாப்பை நினைத்துச் செய்ததன்று. ஆயினும் அந்த மறைப்பு பிரிக்கக்கூடிய மறைப்பாக அமைந்தது. நாம் இன்று நேரே பூசும் எனாமலிலிருந்து எதிர்காலத்துக் கோவிந்தசாமி எவரும் எதனையும் பிரித்தெடுக்க முடியாது.

கோயில் சபைகளை மட்டும் குறைசொல்வது நியாயமன்று. 2009 க்குப் பின் குடாநாட்டில் நடந்த திருப்பணிகளுக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிசிலும் சூரிச்சிலும் திரட்டிய பணம் பெருமளவு வந்தது. பணம் அனுப்பியவர் அடுத்த விடுமுறைக்கு வரும்போது பளபளப்பைத்தான் எதிர்பார்க்கிறார். மங்கிய சுவரைக் கண்டால் பணம் எங்கே போயிற்று என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பயந்து பூசப்பட்ட எனாமல் கொஞ்சமன்று. இதனைப் படிப்பவர்களில் அப்படிப் பணம் அனுப்பியவர்கள் இருக்கக்கூடும். அடுத்த தடவை அனுப்பும்போது, பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் நல்ல வெளிச்சத்தில் முழுமையாகப் படமெடுத்துத் தாருங்கள் என்ற ஒரு நிபந்தனையையாவது சேர்த்து அனுப்புங்கள். புதிதாகத்தான் எழுதவேண்டும் என்றால், முடிந்தவரை வேறு சுவரிலோ துணியிலோ பலகையிலோ எழுதட்டும். பழைய சுவரிற்றான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், இடையில் சுண்ணாம்புப் படை ஒன்று இருக்கட்டும்.

கனடாவிலிருந்து வாசகி ஒருவர் அண்மையில் எழுதியிருந்தார். 1995 இல் சாவகச்சேரிக்கு நடந்தபோது தாயார் சேலையிற் சுற்றித் தூக்கிப்போன பூட்டனாரின் எண்ணெய் வர்ணப் படம் இன்றும் அவரிடம் இருக்கிறதாம். மஞ்சளேறி முகம் தெளிவில்லாமல் இருக்கிறது; கடையில் விற்கும் அக்ரிலிக் வார்னிஷ் தெளிகருவி ஒன்றை அடிக்கலாமா என்பது அவர் கேள்வி. அடிக்க வேண்டாம் அம்மா. அந்த மஞ்சள் பெரும்பாலும் பழைய பிசினும் விளக்குப் புகையுமாகத்தான் இருக்கும். பயிற்சி பெற்றவர் கையில் அது கழரும். அதன்மேல் நீங்கள் அடிக்கும் பூச்சு அந்த அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். உருளைக்கிழங்கு வெட்டித் தேய்ப்பது, ஈரத்துணியால் துடைப்பது போன்ற வீட்டு வைத்தியங்களும் வேண்டாம். வெளிச்சுவரிலும் அடுப்படிக்கு அருகிலும் தொங்கவிடாதீர்கள். உலர்ந்த மெல்லிய தூரிகையால் மேலே நிற்கும் தூசியை மட்டும் தட்டலாம். வர்ணம் செதிலாக எழுந்திருந்தால் அதுவும் வேண்டாம். உங்கள் நகரத்து நூதனசாலையைக் கேட்டால், தனிப்பட்ட வேலை ஏற்கும் ஓவியப் பாதுகாவலர்களின் விபரம் பெறலாம். அவரிடம் போகும்போது, எதைப் பூசப்போகிறார், அது பின்னர் எதிற் கரையும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். எழுதிய ஓவியரின் பெயரும் ஊரும் ஆண்டும் இருந்தால் அங்கேதான் இருக்கும்.